கூலியை எங்கே எழுதியிருக்கீங்க, அக்கா?

கோடை விடுமுறை நெருங்கினால் கல்லூரி மாணவர்கள் இன்டர்ன்ஷிப் எனப்படும் களப்பயிற்சிக்கு இடம் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். பெரும்பாலோர் தேடுவது நகரத்து அலுவலகங்களைத்தான். கிராமத்துச் சிறுதொழில்களுக்குக் கைகொடுக்கும் தொண்டு நிறுவனங்களிலும் இப்படிப் பயிற்சி உண்டு என்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. அப்படி வந்து எட்டு வாரம் தங்கும் ஒரு மாணவியால், செக்கு ஆட்டும் பெண்களுக்கு என்ன பயன் கிடைத்துவிடும்?

திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இதற்கு விடை இருக்கிறது. அந்த ஊர் மகளிர் குழுவினர் தங்கள் வரவு செலவை முழுவதும் திறந்து காட்டியிருக்கிறார்கள். ஊரையும் பெயர்களையும் போட வேண்டாம் என்பது அவர்கள் விருப்பம். கணக்கு மட்டும் உள்ளது உள்ளபடி இங்கே தரப்படுகிறது.

மூன்று வருட உழைப்பு

குழுவில் 12 பேர். வங்கிக் கடனும் சொந்தச் சேமிப்பும் சேர்த்து, இரண்டரை லட்சம் ரூபாயில் மரச்செக்கு இயந்திரம் ஒன்றை வாங்கி, தலைவியின் வீட்டை ஒட்டிய கொட்டகையில் நிறுத்தியிருந்தார்கள். மாதத்துக்கு ஆறு சுற்று கடலை எண்ணெய் ஆட்டினார்கள். ஒரு சுற்று என்பது 100 கிலோ பருப்பு. எண்ணெய்க்கு ஊரில் நல்ல பெயர். திருவண்ணாமலையில் இரண்டு கடைகள் வாங்கிக்கொண்டன. புண்ணாக்கு, மாடு வைத்திருப்பவர்களிடம் கையோடு விற்றுத் தீர்ந்தது.

மூன்று வருடம் இப்படிப் போனது. எண்ணெய் கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருந்ததால், மூன்று லட்சம் ரூபாய் கடன் வாங்கி இன்னொரு செக்கு போடலாம் என்று குழு முடிவு செய்தது. கடன் மனுவுக்கு உதவி கேட்டுத்தான் தொண்டு நிறுவனத்தை அணுகினார்கள். அந்த நிறுவனம் கோடைப் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு மாணவியை அங்கே அனுப்பியது.

வணிகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண் அவர். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம். தங்க இடம், சாப்பாடு, மாதம் 6,000 ரூபாய் உதவித்தொகை மூன்றும் கிடைத்ததால்தான் வீட்டில் அனுப்ப ஒத்துக்கொண்டார்கள். கைக்காசு போட்டு எட்டு வாரம் வெளியூரில் தங்கும் வசதி அந்தக் குடும்பத்துக்கு இல்லை.

முதல் வாரம் நிறுவனத்தில் பயிற்சி. கணக்குப் புத்தகம் எழுதுவது, லேபிள் விதிகள், குழுவோடு பேசும் முறை ஆகியவற்றைச் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டாம் வாரம் முழுக்கக் கொட்டகையில் உட்கார்ந்து பார்ப்பது மட்டுமே வேலை. யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது என்பது நிறுவனத்தின் கட்டளை. இன்ஸ்டாகிராம் பக்கம் தொடங்கி எண்ணெய் விற்றுக்கொடுக்கலாம் என்ற எண்ணத்தோடு வந்தவருக்கு இது ஏமாற்றம்தான். ஆனால், அந்த ஒரு வாரத்தில்தான் விஷயம் பிடிபட்டது.

விடுபட்ட வரிகள்

குழுவின் நோட்டில் ஒரு சுற்றுக்கான கணக்கு இப்படி இருந்தது.

பருப்பு 100 கிலோ, கிலோ 120 ரூபாய் வீதம்: 12,000 ரூபாய்.
பாட்டில், லேபிள் 40-க்கு, 15 ரூபாய் வீதம்: 600 ரூபாய்.
மொத்தச் செலவு: 12,600 ரூபாய்.

எண்ணெய் 40 லிட்டர், 290 ரூபாய் வீதம்: 11,600 ரூபாய்.
புண்ணாக்கு 55 கிலோ, 44 ரூபாய் வீதம்: 2,420 ரூபாய்.
மொத்த வரவு: 14,020 ரூபாய்.

லாபம் 1,420 ரூபாய். லிட்டருக்கு 35 ரூபாய் நிற்கிறது என்றுதான் குழுவில் எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

முதல் நாள் இரண்டு பெண்கள் உட்கார்ந்து பருப்பைப் புடைத்து, சொத்தையும் பூஞ்சணம் பிடித்ததும் பொறுக்கினார்கள். மறுநாளும் அதே இருவர் செக்கில் நின்றார்கள், எண்ணெய் வடித்தார்கள், பாட்டிலில் அடைத்தார்கள். மாணவி நோட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

"அக்கா, இந்த ரெண்டு நாள் கூலியை எங்கே எழுதியிருக்கீங்க?"

"நம்ம வேலைக்கு நாமளே கூலி எழுதுவாங்களா கண்ணு?"

"இந்த ரெண்டு நாளும் நீங்க களை எடுக்கப் போயிருந்தா?"

"முந்நூறு முந்நூறா அறுநூறு கிடைச்சிருக்கும்."

கேட்டவரும் பதில் சொன்னவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை என்று குழுவினர் நினைவுகூர்கிறார்கள். அதன் பிறகு விடுபட்ட வரிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

வடித்த 40 லிட்டர் எண்ணெய் நான்கு நாள் தெளிந்தபின் 38 லிட்டர்தான் விற்பனைக்குத் தேறியது. மீதி அடியில் தங்கிய மண்டி. பருப்பு மூட்டை ஏற்றி இறக்கும் செலவு அன்றன்று யாரிடம் காசு இருந்ததோ அவர் கொடுத்தது. நோட்டில் ஏறவே இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் மின்கட்டணத்தைத் தலைவி தன் வீட்டுக் கட்டணத்தோடு சேர்த்துக் கட்டிவந்தார். இயந்திரத்துக்கு வாங்கிய கடனின் வட்டி குழுவின் சேமிப்புக் கணக்கில் இருந்து போனது. இயந்திரம் தேய்வதற்கு யாரும் கணக்கு வைக்கவில்லை.

மாணவி எழுதிய கணக்கு இது.

பருப்பு: 12,000 ரூபாய்.
பாட்டில், லேபிள் 38-க்கு: 570 ரூபாய்.
வண்டி வாடகை, ஏற்றுகூலி: 250 ரூபாய்.
மின்சாரம்: 200 ரூபாய்.
இரண்டு பேருக்கு இரண்டு நாள் கூலி: 1,200 ரூபாய்.
இயந்திரத் தேய்மானம், கடன் வட்டி: 575 ரூபாய்.
மொத்தச் செலவு: 14,795 ரூபாய்.

எண்ணெய் 38 லிட்டர்: 11,020 ரூபாய்.
புண்ணாக்கு: 2,420 ரூபாய்.
மொத்த வரவு: 13,440 ரூபாய்.

ஒரு சுற்றுக்கு 1,355 ரூபாய் நட்டம். கூலியைச் சேர்க்காமல் விட்டாலும் 155 ரூபாய் நட்டம். அதாவது, அந்தப் பெண்கள் சம்பளம் வாங்காமல் உழைத்ததோடு, கையில் இருந்தும் போட்டு எண்ணெய் விற்றிருக்கிறார்கள். மாதம் ஆறு சுற்றுக்கு 8,130 ரூபாய்.

இது இவ்வளவு நாள் எப்படித் தெரியாமல் போனது என்று சிலர் கேட்கலாம். புண்ணாக்குப் பணம் நாள்தோறும் ரொக்கமாகக் கைக்கு வந்தது. பருப்பு வியாபாரி கடனுக்குக் கொடுத்தார். குழுச் சேமிப்பு ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது. பணம் புழங்கிக்கொண்டே இருந்ததால் எல்லோரும் அதை லாபம் என்று நினைத்துவிட்டார்கள். கிராமத்துச் சிறுதொழில்கள் பலவற்றில் இதுதான் நிலை. ஊறுகாய், மாவு, பால்கோவா, மண்புழு உரம் எதுவானாலும் வீட்டு ஆளின் உழைப்புக்கு விலை எழுதும் வழக்கம் நம்மிடம் குறைவு.

சண்டையும் முடிவும்

இந்தக் கணக்கை மாதக் கூட்டத்தில் படித்தபோது நல்லவிதமாக முடியவில்லை. கடன் பாக்கிப் பட்டியலில் தலைவியின் உறவினர்கள் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று வருடம் கொட்டகைக்கு வாடகைகூட வாங்காதவரை இருபது வயதுப் பெண் குற்றம் சொல்கிறாள் என்று பேச்சு வந்தது. தலைவி எழுந்து போய்விட்டார். மறுநாள் காலை மாணவியே அவர் வீட்டுக்குப் போனார். தன் கணக்கில் கொட்டகை வாடகையைச் சேர்க்காமல் விட்டது தன் தவறு என்று ஒத்துக்கொண்டார். அந்த வாடகையும் தலைவி குழுவுக்குச் செய்த உதவி என்று அடுத்த கூட்டத்தில் எழுதிவைத்தார்கள்.

கூட்டத்தில் எடுத்த முதல் முடிவு, இரண்டாவது செக்கு இப்போது வேண்டாம் என்பது. ஒரு செக்கில் வரும் நட்டம் இரண்டு செக்கில் இரட்டிப்பாகும். அதோடு மூன்று லட்சம் ரூபாய் கடனும் தலையில் ஏறியிருக்கும். எட்டு வாரப் பயிற்சியில் வேறு எதுவுமே நடக்காமல் போயிருந்தாலும், இந்த ஒரு முடிவுக்காகவே அந்தப் பயிற்சி தகும்.

இரண்டாவது, பருப்பாக வாங்குவதை விட்டுக் காயாக வாங்குவது. மார்கழியில் விதைத்த இறவை நிலக்கடலை அப்போதுதான் அறுவடையாகிக்கொண்டிருந்தது. உள்ளூர் விவசாயிகளிடம் காய் கிலோ 72 ரூபாய்க்குக் கிடைத்தது. நன்றாகக் காய்ந்த காயில் நூற்றுக்கு 70 பங்கு பருப்பு தேறும். 100 கிலோ பருப்புக்கு 143 கிலோ காய் வேண்டும். காய் விலை 10,296 ரூபாய், உடைப்புக்கூலி 290 ரூபாய், ஆக 10,586 ரூபாய். வியாபாரியிடம் வாங்கியதைவிட 1,414 ரூபாய் குறைவு. அதில் விற்ற விவசாயிக்கும் எடைக்கூலி, கமிஷன் பிடித்தம் இல்லை.

காயாக வாங்கும்போது காய்ச்சலில் ஏமாறக் கூடாது. ஆட்டினால் பருப்பு உள்ளே கலகலவென்று ஓசை கொடுக்க வேண்டும். ஈரப்பதம் 8 சதவிகிதத்துக்கு மேல் போனால் இருப்பு வைக்கும்போது பூஞ்சணம் பிடித்து, அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். அந்த நஞ்சில் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும். மாடு தின்றால் பாலில் இறங்கும். ஆகவே பொறுக்கி எடுக்கும் அந்த ஒரு நாள் கூலியை மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம்.

மூன்றாவது, விலை. லிட்டருக்கு 20 ரூபாய் ஏற்றி 310 ஆக்கினார்கள். 38 லிட்டருக்கு 760 ரூபாய் கூடுதல் வரவு. பழைய வாடிக்கையாளர் சிலர் நின்றுவிட்டார்கள். கடன் விற்பனையும் நிறுத்தப்பட்டது. அதில் மேலும் சிலர் விலகினார்கள். இருந்தும், புதுக் கணக்கில் கூலி 1,200 ரூபாய் போக ஒரு சுற்றுக்கு 819 ரூபாய் நிற்கிறது. பெரிய தொகை இல்லைதான். ஆனால், உழைத்தவர்கள் கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

நான்காவது, பாட்டில். உள்ளூரில் பழைய தண்ணீர் பாட்டிலில் எண்ணெய் ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. சமையல் எண்ணெயை அடைக்காமல் சில்லறையாக விற்பதை உணவுப் பாதுகாப்பு விதிகள் தடுக்கின்றன. இப்போது எல்லாமே புதிய பாட்டில்தான். லேபிளில் பொருளின் பெயர், நிகர அளவு, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்ற விவரம், தொகுதி எண், அதிகபட்ச சில்லறை விலை, தயாரிப்பாளர் முகவரி, புகார் சொல்ல வேண்டிய தொலைபேசி எண், உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண் ஆகியவை ஏறின.

நோட்டு யார் கையில்?

மாணவி முதலில் மடிக்கணினியில் அருமையான கணக்குத் தாள் ஒன்றைத் தயார் செய்தார். எண்ணைப் போட்டால் லாப நட்டம் தானாக வரும். குழுவில் யாரிடமும் கணினி இல்லை. கைப்பேசியில் திறந்தால் எழுத்து தெரியவில்லை. ஆறாவது வாரம் அதை ஓரம் வைத்துவிட்டு, கோடு போட்ட நீளநோட்டு ஒன்றில் ஐந்து கட்டம் போட்டார்: தேதி, விவரம், வரவு, செலவு, யார் எத்தனை நாள் வேலை. எட்டாம் வகுப்புவரை படித்த உறுப்பினர் ஒருவர் எழுதுவது என்று முடிவானது. கடைசி இரண்டு வாரம் அவர்தான் எழுதினார். மாணவி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்.

பயிற்சிக்கு வருபவர்கள் படமும் வரைபடமும் போட்டு நாற்பது பக்க அறிக்கை எழுதிக் கல்லூரியில் மதிப்பெண் வாங்கிவிடலாம். குழுவுக்கு அந்த அறிக்கையால் பயனில்லை. மாணவி ஊருக்குத் திரும்பி மாதங்கள் கடந்த பிறகும் செங்கம் பக்கத்துக் கொட்டகையில் அந்த நீளநோட்டு ஆணியில் தொங்குகிறது. ஒரு மாதம் மட்டும், அறுவடை வேலை நெருக்கியதில் பன்னிரண்டு நாள் எழுதாமல் விட்டுப்போயிருக்கிறது. பிறகு ஞாபகத்தில் இருந்து எழுதி நிரப்பியிருக்கிறார்கள். அப்படி நிரப்பிய பக்கத்தின் மேலேயே "ஞாபகத்தில் எழுதியது" என்று குறிப்பும் இருக்கிறது.

குழுக்கள் கவனத்துக்கு

களப்பயிற்சி மாணவர் ஒருவரைத் தங்கள் தொழிலுக்குப் பயன்படுத்திக்கொள்ள நினைக்கும் குழுக்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் சிலவற்றை முன்கூட்டியே செய்துகொள்வது நல்லது.

1. மாணவர் வருவதற்கு முன்பே ஒரே ஒரு கேள்வியை முடிவு செய்யுங்கள். "எங்கள் தொழிலை மேம்படுத்துங்கள்" என்பது கேள்வி ஆகாது. "ஒரு லிட்டருக்கு அடக்கவிலை என்ன?" என்பது கேள்வி.

2. பழைய பில், சீட்டு, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். எழுதாத செலவு எதுவென்று அவற்றில்தான் தெரியும்.

3. மாணவருடன் தினமும் உட்கார உறுப்பினர் ஒருவரை ஒதுக்குங்கள். அவர் கற்றுக்கொள்வதுதான் பின்னால் நிற்கும்.

4. மூட்டை தூக்கவும் கடையில் நிற்கவும் ஆள் கிடைத்தது என்று நினைக்காதீர்கள். ஓரிரு நாள் செய்து பார்ப்பது படிப்பு. எட்டு வாரமும் அதையே செய்யச் சொல்வது சம்பளமில்லாத வேலை.

5. மாணவிகள் தங்கும் வீடு, கழிப்பறை, போக்குவரத்து ஆகியவற்றை நிறுவனத்தாரோடு பேசி உறுதி செய்த பிறகே வரச் சொல்லுங்கள்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகள் கலைக்கல்லூரியில் படிக்கிறாள். வேளாண்மை படிக்காதவர்களுக்கு இப்படிப் பயிற்சி கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். இளநிலை மாணவர்கள் நான்காவது பருவத்துக்குப் பிறகு 60 முதல் 120 மணி நேரம் களப்பயிற்சி செய்யப் பல்கலைக்கழக மானியக் குழு வழிகாட்டுதல் வகுத்திருக்கிறது. கிராமத் தொழில்களுக்கு வணிகவியல், உணவு அறிவியல், சமூகப் பணி, காட்சித் தொடர்பியல் படிப்பவர்கள் எல்லோருமே தேவை. கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவில் கேட்டு, கல்லூரிக் கடிதத்தோடு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். முதுநிலை மாணவர்களுக்கு நபார்டு வங்கியும் உதவித்தொகையோடு கோடைக்காலப் பயிற்சி நடத்துகிறது. வேளாண் கல்லூரி மாணவர்களுக்குக் கிராமத் தங்கல் திட்டம் பாடத்திட்டத்திலேயே உள்ளது.

கேள்வி: பயிற்சிக்குச் சேர 5,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். மாணவரிடம் பணம் வாங்கிச் சான்றிதழ் கொடுப்பது பயிற்சி ஆகாது. போகும் இடம், நாட்கள், வேலை, உதவித்தொகை, பொறுப்பாளர் பெயர் ஆகியவற்றை எழுத்தில் தரும் நிறுவனத்தை மட்டும் நம்புங்கள். உதவித்தொகை இல்லையென்றால் தங்குமிடமும் சாப்பாடுமாவது உண்டா என்று கேளுங்கள்.

கேள்வி: நான் தனியாக வீட்டில் கம்பு, கேழ்வரகு மாவு அரைத்து விற்கிறேன். குழு இல்லாமல் உதவி கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். முதலில் உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் அவசியம். மானியக் கடன் விவரங்களை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடனுக்கு எழுதுவதற்கு முன் ஒரு மாதக் கணக்கைக் கூலியோடு சேர்த்து எழுதிப் பாருங்கள்.

கேள்வி: வீட்டு ஆட்களின் வேலைக்கு எவ்வளவு கூலி எழுதுவது?

பதில்: அதே நாளில் அவர் வெளி வேலைக்குப் போயிருந்தால் உங்கள் ஊரில் என்ன கிடைக்குமோ, அந்தத் தொகையை எழுதுங்கள். அரை நாள் என்றால் அரை நாள் கூலி. மாவு சலித்த பாட்டிக்கும் அதே கணக்குதான்.